என்ஜின் தண்ணி அடிக்கலையா? வள்ளத்து அவுட்போர்டு சூடானால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

என்ஜின் சூடாகிறது என்று கரையில் சொல்லிப் பாருங்கள், நிற்கிற நாலு பேரும் "இம்பெல்லர் போயிருக்கும், கழட்டு மக்கா" என்றுதான் சொல்வார்கள். கடல்தண்ணீரை இழுத்து என்ஜினுக்குள் தள்ளும் பம்ப்பின் ரப்பர் சக்கரம்தான் இம்பெல்லர். அவர்கள் சொல்வது சரியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் நம்ம குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை எந்தக் கரையில் விசாரித்தாலும், கியர் பாக்ஸை இறக்கி, துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டி, புது இம்பெல்லர் போட்ட பிறகுதான் பழையது நன்றாகத்தான் இருந்தது, கோளாறு வெளியே தெரிகிற ஒரு சின்னத் துளையில் என்று கண்டுபிடித்தவர்கள் இருப்பார்கள். அதனால் இங்கே நான் சொல்லப்போவது ஒரே முறைதான்: வெளியிலிருந்து உள்ளே போங்கள், காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடியுங்கள். புதிதாக வள்ளம் எடுத்தவர்களுக்கும், அப்பாவோ அண்ணனோ ஓட்டிய என்ஜினை இப்போதுதான் கையில் வாங்கியவர்களுக்கும் எழுதுகிறேன். பேச்சு பெரும்பாலும் பைபர் வள்ளத்தின் பின்பக்கம் வெளியே மாட்டும் டூ ஸ்ட்ரோக் என்ஜினான அவுட்போர்டு பற்றித்தான். 9.9 எச்பி ஆனாலும் 40 எச்பி ஆனாலும் தண்ணீர் போகும் வழி ஏறத்தாழ ஒன்றே.

அந்த வழியை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கியர் பாக்ஸின் இரண்டு பக்கமும் சன்னமான பிளவுகள் இருக்கும், கடல்தண்ணீர் அங்கேதான் உள்ளே நுழைகிறது. அதற்குச் சற்று மேலே, புரொப்பல்லரைச் சுற்றவைக்கும் நெட்டுத் தண்டிலேயே ரப்பர் இம்பெல்லர் மாட்டியிருக்கும், அதனால் என்ஜின் நியூட்ரலில் நின்றாலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து ஒரு நீளக் குழாய் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. அது சிலிண்டர் பிளாக்கையும் ஹெட்டையும் சுற்றியுள்ள அறைகளில் ஓடி, சூடு ஏறினால் திறந்து வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைத் தாண்டி, புகையோடு சேர்ந்து கீழே வெளியேறுகிறது. இடையில் ஒரு சிறு பங்கு பிரிந்து, மேல்மூடிக்குக் கீழே பக்கவாட்டில் உள்ள துளை வழியாகப் பீய்ச்சுகிறது. "தண்ணி அடிக்குது" என்று நாம் சொல்வது இதைத்தான். பம்ப் ஓடுகிறது என்பதற்கு மட்டும்தான் அது அடையாளம். பல மாடல்களில் தெர்மோஸ்டாட் மூடியபடி இறுகிக் கிடந்தாலும் இந்தத் துளையில் தண்ணீர் ஜோராக வரும், ஹெட் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும்.

கடலில் வைத்துத் தண்ணீர் நின்றால்

திராட்டிலைக் குறைத்து நியூட்ரலுக்கு வாருங்கள். பின்னால் எட்டிப் பார்த்து, பிளாஸ்டிக் பையோ வலைத்துண்டோ ஒட்டியிருக்கலாம் என்று தோன்றினால் ஒரு நொடி ரிவர்ஸ் கொடுத்துப் பாருங்கள், பல நேரம் அதிலேயே விலகிவிடும். அப்படியும் தண்ணீர் வரவில்லை என்றால் என்ஜினை நிறுத்திவிடுங்கள், "இன்னும் கொஞ்ச தூரம்தானே, கரை தெரியுதே" என்று ஓட்டாதீர்கள். டூ ஸ்ட்ரோக் என்ஜின் தண்ணீர் இல்லாமல் வேகத்தில் ஓடினால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடிப்பதற்கு அதிக நேரம் ஆகாது. மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்கள் பெட்ரோலுக்கு மாற்றிவிட்டு நிறுத்துவது நல்ல பழக்கம்தான். ஆனால் மூடிக்குள்ளிருந்து ஆவி வருகிற நேரத்தில் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், பிறகு கார்புரேட்டரை வடித்துவிட்டு ஸ்டார்ட் செய்துகொள்ளலாம்.

நிறுத்தியதும் என்ஜினைப் பார்ப்பதற்கு முன் வள்ளம் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பாருங்கள். முட்டம், கடியபட்டணம் பக்கம் பாறைகள் உண்டு, கரையிலிருந்து கடலுக்குள் கல் போட்டு நீட்டியிருக்கும் தூண்டில் வளைவுகளும் ஆபத்துதான். நங்கூரம் எட்டுகிற ஆழம் என்றால் முதலில் அதைப் போடுங்கள். சூடான என்ஜின்மேல் கடல்தண்ணீரை மொண்டு ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திடீர்க் குளிரில் வார்ப்பு விரிசல் விடும், வயரிங்கும் போகும், அதைச் செய்யவே கூடாது. மூடியைக் கழற்றி வைத்து அரை மணி நேரம் சும்மா விட்டாலே போதும். பிறகு ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழக்கம்போல இழுபட்டால் தப்பித்தீர்கள். இறுக்கமாக இருந்தால் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு, இன்னும் சற்று நேரம் பொறுங்கள். பலம் கொடுத்து இழுத்தால் இன்னும் மோசமாகும். வயர்லெஸ் இருந்தால் 16ஆம் சானல், கைபேசி எட்டினால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093. இந்த எண்களை வள்ளத்தின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

வெளிச் சோதனைகள்

என்ஜினைத் தூக்கிச் சாய்த்து, தண்ணீர் நுழையும் பிளவுகளைக் கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்கு முழுதாகத் தெரியாது, ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் சுத்தமாகவே இருப்பதுபோலத்தான் இருக்கும். சொறி (ஜெல்லிமீன்) கூட்டமாக வருகிற நாட்களில் அதன் கொழகொழப்பு பிளவுகளில் அப்பிக்கொள்ளும். மணக்குடியிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ ஆறு கடலில் சேரும் பொழிமுகம் வழியாகப் போய்வருகிறவர்களுக்கு மழைக்காலத்தில் இலை, தழை, ஆகாயத்தாமரை வேர் எல்லாம் வந்து மாட்டும். சில நாட்கள் என்ஜினை இறக்கியபடியே தண்ணீரில் விட்டிருந்தால் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் சின்னக் கடலுயிர்) பிளவுக்குள் வளர்ந்திருக்கும். சுரண்டும்போது சல்லடையை உடைத்துவிடாதீர்கள்.

அடுத்தது அந்தப் பீய்ச்சும் துளை. உப்பும் மணலும் சேர்ந்து அதை அடைப்பது நம்ம ஊரில் ரொம்ப சாதாரணம். வலையிலிருந்து ஒரு முழம் தங்கூசி நரம்பு வெட்டி, என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது துளைக்குள் விட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கம்பி வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பர் குழாயைக் கிழித்துவிடும். சில நேரம் கறுப்பு மணலைத் துப்பிவிட்டு நீர் நேராக அடிக்க ஆரம்பிக்கும், வேலை அதோடு முடிந்தது. வரவில்லை என்றால் என்ஜினை நிறுத்தி, மூடியைத் திறந்து, அந்தத் துளைக்குப் போகும் சிறு ரப்பர் குழாயைப் பிளாக் பக்கத்தில் கழற்றி வாயால் ஊதுங்கள். குழாயில் காற்று தாராளமாகப் போய், என்ஜின் ஓடும்போது பிளாக் பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் வரவில்லை என்றால், கோளாறு இதற்கு முந்திய இடத்தில்.

இப்போது கையால் தொட்டுப் பார்க்கும் சோதனை. புதியவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்யாமல் விடுகிறார்கள், எனக்கோ முதலில் வேண்டியது இதுதான். கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி (ஓடும்போது வேண்டாம், சாரமோ சட்டைக் கையோ பிளைவீலில் சிக்கினால் கதை முடிந்தது), ஹெட்மேல் உள்ளங்கையை வையுங்கள். சில நொடிகள் வைக்க முடிகிற சூடு என்றால் தண்ணீர் சுற்றுகிறது, பீய்ச்சும் துளைதான் அடைப்பு. கையை வைக்கவே முடியவில்லை, நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சீறிக்கொண்டு காய்கிறது என்றால் நிஜமாகவே சூடு. ஒரு சிலிண்டர் பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டால் பம்ப்மேல் சந்தேகப்படுவதற்கு முன் அந்த அறைக்குள் அடைப்பு இருக்குமோ என்று யோசியுங்கள். தூரத்தில் பிடித்துச் சூடு பார்க்கும் துப்பாக்கி மாதிரிக் கருவி இப்போது மலிவாகக் கிடைக்கிறது, இரண்டு மூன்று வள்ளக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும்.

துளையில் தண்ணீர் விட்டு விட்டு, காற்றுக் குமிழியோடு வந்தால் அது வேறு கதை. என்ஜின் உயரமாக மாட்டப்பட்டிருந்தால் அலையில் பின்பக்கம் தூக்கும்போதெல்லாம் பம்ப் காற்றை உறிஞ்சும். புரொப்பல்லருக்கு மேலே உள்ள பட்டையான தட்டு வள்ளத்தின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். உயரம் சரியாக இருந்தும் வேகம் கூட்டினால் மட்டும் குமிழி வருகிறது, பிளக்கைக் கழற்றினால் ஈரம் தெரிகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் கசிகிறது. அது கரையில் உட்கார்ந்து செய்கிற வேலை அல்ல, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.

நம்ம மணலும் இம்பெல்லரும்

இதெல்லாம் முடித்த பிறகுதான் இம்பெல்லர். மணவாளக்குறிச்சியில் மணலிலிருந்து தாது பிரிக்கும் ஐஆர்இஎல் ஆலை எதற்கு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்: நம்ம கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், ஜிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்து கிடக்கின்றன. என்ஜின்காரன் கண்ணால் பார்த்தால் இதில் இரண்டு சங்கடம். கார்னெட்டும் ஜிர்கானும் பம்ப் கிண்ணத்தின் ஸ்டீலைவிடக் கடினமானவை, அரத்தூள் போட்டு அரைத்த மாதிரி தேய்த்துவிடும். இரண்டாவது, வெள்ளை மணல் தண்ணீரைவிட 2.6 மடங்கு கனம் என்றால் இல்மனைட் நாலரை மடங்குக்கும் மேல், ஆகவே உள்ளே போனது எல்லாம் வெளியே வராது, தண்ணீர் மெதுவாக ஓடுகிற மூலைகளில் படிந்துவிடும். ஆனி, ஆடியில் கரையோர அலை மணலைக் கலக்கிக்கொண்டே இருக்கும்போது, கரை ஏறுகிற அந்தக் கடைசி ஐம்பது அறுபது மீட்டரில் பம்ப் குடிப்பது பாதி மணல்தான். துறைமுகத்துக்குள் கட்டுகிற வள்ளத்துக்கும் மணலில் ஏற்றுகிற வள்ளத்துக்கும் இம்பெல்லர் ஆயுள் ஒன்றாக இருக்காது. கையேடு சொல்கிற காலக்கெடுவை அப்படியே நம்பாமல், மணலில் ஏற்றுகிறவர்கள் வைகாசியிலேயே புதிது போட்டுவிடுங்கள், ஆடி முடிந்ததும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

கழற்றும் முறை மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், பொதுவாக இப்படி. என்ஜினைச் சாய்த்துக் கட்டி, பிளக் வயரைப் பிடுங்கிவிடுங்கள். கியர் கம்பி எங்கே இணைகிறது என்று பார்த்து அதை விடுவியுங்கள், கியர் எந்த நிலையில் இருந்தது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது தலையைச் சொறிய வேண்டாம். 10, 12, 14 ஸ்பேனர்கள் இருந்தால் அனேகமாகப் போதும். போல்ட் வரவில்லை என்றால் பலம் கொடுக்காமல், துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். தலை முறிந்த போல்ட்டை எடுக்கிற கூலி இம்பெல்லர் விலையைத் தாண்டும். கியர் பாக்ஸ் தண்டோடு நேராகக் கீழே இறங்கும், மேலே பம்ப் வீடு தெரியும்.

பம்ப் வீட்டைத் தூக்கியதும் அவசரப்பட்டு எதையும் துடைக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: கீழ்த்தட்டில் கறுப்பும் சிவப்புமாக மணல் வட்டமாகப் படிந்திருந்தால் அது ஒரு தகவல். பிறகு கழுவிவிட்டு, தட்டின்மேல் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினால் தட்டையும் ஸ்டீல் கிண்ணத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும், புது இம்பெல்லரை மட்டும் அந்தத் தேய்ந்த வீட்டில் குடிவைத்தால் சில வாரத்தில் பழையபடி ஆகிவிடும். இம்பெல்லர் இதழ்கள் ஒரே பக்கமாக வளைந்து, கையால் நிமிர்த்தினாலும் நிமிராமல் இருந்தால் அது முடிந்துவிட்டது. இதழ் ஏதாவது பிய்ந்திருந்தால் அந்தத் துண்டு எங்கே போயிற்று என்று தேடியே ஆக வேண்டும். அது மேலே குழாயிலோ பிளாக்கின் வாசலிலோ உட்கார்ந்திருக்கும், எடுக்காமல் விட்டால் புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையாது.

புதிதைப் போடும்போது தண்டில் உள்ள சிறு சாவியை (இம்பெல்லரைத் தண்டோடு பிடித்துவைக்கும் உலோகத் துண்டு) தொலைத்துவிடாதீர்கள், மணலில் விழுந்தால் கிடைக்காது, கீழே ஒரு துணி விரித்து வேலை செய்யுங்கள். இதழ்களில் சோப்புத் தண்ணீரோ கொஞ்சம் கிரீஸோ தடவி, தண்டை அது வழக்கமாகச் சுற்றும் திசையில் (மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழி) திருப்பிக்கொண்டே வீட்டை அழுத்தினால் இதழ்கள் தானாகச் சரியான பக்கம் மடங்கும். கேஸ்கெட் புதிது. கியர் பாக்ஸை மேலே ஏற்றும்போது தண்ணீர்க் குழாயின் நுனி பம்ப் வீட்டின் ரப்பர் வளையத்துக்குள் சரியாக நுழைந்ததா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். "புது இம்பெல்லர் போட்டேன், இப்போ சுத்தமா தண்ணி வரல" என்கிற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த ரப்பர் வளையம்தான் இருக்கும். தண்டு மேலே ஏறவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள், பிளைவீலைக் கையால் வலஞ்சுழியாகக் கொஞ்சம் திருப்பினால் பற்கள் பொருந்திவிடும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: தண்ணீர் இல்லாமல் ஒரு நொடிகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். "ஓடுதான்னு சும்மா பாக்கலாம்" என்று மணலில் வைத்து இழுப்பதை விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் சேர்ந்தே செய்கிறார்கள். இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் எண்ணெய், அது இல்லாமல் சுற்றினால் இதழ் நுனி கருகிவிடும். பழைய என்ஜின் வாங்கப் போகும் இடத்தில் அப்படி இழுத்துக் காட்டினால் இம்பெல்லர் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட், உப்பு

பம்ப் நன்றாக இருந்தும் ஹெட் சுட்டால் தெர்மோஸ்டாட்டைத் திறங்கள். பெரும்பாலும் ஹெட்டின் மேல்பகுதியில், சில போல்ட் போட்ட சிறு மூடிக்குக் கீழே இருக்கும். வெள்ளையாக உப்பு பூத்து இறுகியிருந்தால் காரணம் கையிலேயே இருக்கிறது. சோதிப்பது சுலபம்: ஒரு பாத்திரத் தண்ணீரில், அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் வெப்பநிலை அளவில் திறக்க ஆரம்பித்து, ஆறவிட்டால் மூட வேண்டும். தண்ணீர் கொதிக்கிற வரை திறக்கவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள்.

நம்ம பக்கம் பலர் தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள், "அது தேவையில்லாத சாமான்" என்று சொல்லிக்கொண்டு. கடலில் மாட்டிக்கொண்டால் எடுத்துவிட்டுக் கரை சேரலாம், தப்பில்லை. வழக்கமாக அப்படி ஓட்டினால் என்ஜின் சரியான சூட்டுக்கு வராது, எரிபொருள் முழுதாக எரியாது, பிளக் கறுக்கும், மண்ணெண்ணெய் என்றால் கார்பன் இன்னும் சீக்கிரம் சேரும். புதிதின் விலை ஒரு நாள் எண்ணெய்ச் செலவுக்கு முன்னால் பெரிதில்லை.

உப்பும் மணலும் உள்ளே தங்காமல் இருக்க ஒரே வழி நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுவது. 200 லிட்டர் டிரம் ஒன்றை வெட்டி, புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, புரொப்பல்லருக்கு மேலிருக்கும் பட்டைத் தட்டுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்காவது தண்ணீர் நிற்கும்படி இறக்கி, நியூட்ரலில் மெதுவாகப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கிற சூடு வந்தால்தான் ஹெட் முழுக்கக் கழுவப்படும், இரண்டு நிமிடத்தில் நிறுத்தினால் பாதி வேலைதான். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீரே உப்புக்கரிக்கும், அதில் கழுவிப் பிரயோஜனம் குறைவு, குழாய்த் தண்ணீரைப் பிடித்துவையுங்கள். டிரம் அடியில் எவ்வளவு கறுப்பு மணல் இறங்கியிருக்கிறது என்று கடைசியில் பாருங்கள், உங்கள் என்ஜின் எவ்வளவு குடித்திருக்கிறது என்று தெரியும். பழைய உப்புப் படிவுக்கு வினிகர் அல்லது சிட்ரிக் ஆசிட் கரைசல் போதும். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றினால் உப்போடு சேர்த்து அலுமினியத்தையும் தின்றுவிடும்.

தண்ணீர் நன்றாகச் சுற்றியும் சூடானால்

ஆயில் கலவையைப் பாருங்கள். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, உங்கள் என்ஜினுக்கு வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படி. கண்ணளவாக ஊற்றுவது, சிக்கனம் என்று குறைப்பது இரண்டும் பிஸ்டனுக்கு எமன். புரொப்பல்லருக்குப் பின்னால் தங்கூசி சுற்றியிருக்கிறதா என்று அதைக் கழற்றிப் பாருங்கள். அது சுமையைக் கூட்டுவதோடு ஆயில் சீலையும் அறுக்கும், கியர் ஆயில் பால் நிறத்தில் வந்தால் ஏற்கெனவே அறுத்துவிட்டது. அடியில் பாசியும் கொட்டலசும் பிடித்த வள்ளம், அளவுக்கு மீறிய பாரம், பொருந்தாத புரொப்பல்லர் எல்லாமே என்ஜினை இழுபறியாக ஓடவைத்துச் சூடாக்கும்.

குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தூத்தூர் பக்கம் விசைப்படகில் வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: டீசல் என்ஜினில் பொதுவாக இரண்டு தண்ணீர் உண்டு, உள்ளே சுற்றும் நல்ல தண்ணீர், அதைக் குளிரவைக்கும் கடல்தண்ணீர். கடல்தண்ணீர் பக்கம் வால்வு திறந்திருக்கிறதா, வடிகட்டிக் கூடை சுத்தமா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பம்ப் இம்பெல்லர் சரியா என்று இதே வரிசையில் பாருங்கள். நல்ல தண்ணீர்த் தொட்டியின் மூடியைச் சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும், ஆறிய பிறகுதான். மேற்குப் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கிழக்குப் பகுதியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் தடைக்காலம். கூலரைக் கழற்றிச் சுத்தம் செய்யவும் அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் ஜிங்க் துண்டுகளை மாற்றவும் அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

இவ்வளவும் பார்த்தும் தீரவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போகும்போது "சூடாகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில் சூடாகிறது, துளையில் தண்ணீர் எப்படி வருகிறது, எந்தப் பக்க ஹெட் சுடுகிறது, கடைசியாக என்ன மாற்றினீர்கள், இத்தனையும் சொல்லுங்கள். கழற்றிய பழைய இம்பெல்லரையும் தெர்மோஸ்டாட்டையும் ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவற்றைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவார்.